இடப்பக்கம் ஒடிக்கும்போது மட்டும்

கோகிலவாணி முதல் நாளே சொன்னார்:
"ஆலை முனையில இடப்பக்கம் ஒடிச்சா மட்டும்தான்
ரெண்டு விளக்கும் எரியுது தம்பி."
நான் கேட்டது பாதி.
மீதிக் காதில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்கேனரைச் செருகினேன்.
யோசிக்காமல் பேசும் கருவி அது:
வலது முன் சக்கரம், வேக சென்சார், சிக்னல் இல்லை.
இத்தனை தெளிவாக ஒருவன் மேல் பழி சொன்னால்
யாருக்குத்தான் நம்பத் தோன்றாது?
கூலிம் சாமான் கடைக்குப் போன் போட்டேன்.
நூற்று எண்பது வெள்ளி.
பழசைக் கழற்றி மைலோ டின்னில் போட்டு,
புதுசைப் பூட்டி,
பெரிய ரோடு வரை ஓட்டிப் பார்த்து
(நேராக. கவனியுங்கள், நேராக)
சாவியைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் தூறலோடு திரும்பி வந்தார்.
அதே மஞ்சள். ஏ.பி.எஸ். என்ற மூன்றெழுத்து,
பக்கத்தில் இரண்டு பாம்புத் தடம் விட்டு
வழுக்கிப்போகும் ஒரு குட்டிக் காடி.
பின் சீட்டிலிருந்து ரத்தம் சுத்திகரிக்கப் போகும் மூன்று பேர்
ஒவ்வொருவராக இறங்கினார்கள்:
அழகம்மா, பாக் சிக் ரம்லி, கடலைக்கடை சியூ.
சிவப்பு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டேன்.
"பதினொரு மணிக்கு மிஷின்ல படுக்கணும்," என்றார் அழகம்மா,
என்னிடம் அல்ல, சுவர்க் கடிகாரத்திடம்.

"இன்னைக்கு அந்த முனையில பிரேக் பிடிச்சேன்.
சக்கரம் நின்னுருச்சு. காடி நிக்கல."
கோகிலவாணி குரலை உயர்த்தவே இல்லை.

பாடாங் செராயில் அந்த முனையை அறியாதவர் யார்?
குலை ஏற்றிய லோரிகள் குலுங்கித் திரும்பும் இடம்.
உதிர்ந்த செம்பனைப் பழத்தை அடுத்த லோரி நசுக்கும்.
நாலு துளி விழுந்தால் போதும்,
தார் ரோடு வடை சுட்ட வாணலி.
விளக்கு எரிந்தால் பிரேக் இல்லை என்று அர்த்தமில்லை.
பிரேக் பிடிக்கும்.
பிடித்த பிடியை விட்டுவிட்டுப் பிடிக்கத்தான் மறந்துபோகும்.

ஜாக்கி ஏற்றினேன். ஸ்கேனர் பெஞ்சிலேயே கிடந்தது.
வயரின் இரண்டு முனையிலும் மீட்டரைத் தொட்டேன்.
பீப்.
"வலப்பக்கம் ஒடிங்க." பீப்.
"இப்ப இடப்பக்கம். முழுசா."

மௌனம்.
சியூ இருமுவது கேட்டது.
தகரத்தில் மழை கேட்டது.

ஷாக்குக்குப் பக்கத்தில், கட்டுக்கு ஒரு விரல் மேலே.
ரப்பர் தோலில் ஒரு கீறல்கூட இல்லை.
பிளேடு போட்டேன். உள்ளே செம்பு
பச்சை பூத்து அறுந்து கிடந்தது.
நேரே போகையில் நுனிகள் தொட்டுக்கொள்ளும்,
ஒடிக்கையில் விலகும்.
நாலு சக்கரத்தில் ஒன்று நடுவழியில் பேச்சை நிறுத்தினால்
கம்ப்யூட்டர் மற்ற மூன்றையும் நம்பாது.
விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

வயரை இழுத்துப் பிடித்திருந்தது
ஒரு பச்சைக் கேபிள் டை.
இந்த ஊரில் பச்சையில் வாங்குகிறவன் நான் ஒருவன்தான்.
போன வருஷம் ஷாக் மாற்றியபோது
கிளிப் உடைந்தது. அவசரம்.
இறுக்கிக் கட்டினால் நல்லது என்று நினைத்திருப்பேன்.

ஒரு சாண் புது வயர், ஈயம்,
சூடு காட்டினால் சுருங்கும் குழாய்.
இந்த முறை ஒடிக்க இடம் விட்டுக் கட்டினேன்.
ஆலை முனைக்கு நானே ஓட்டிப் போய்
எண்ணெயின் மேல் ஓங்கி மிதித்தேன்.
காலடியில் பெடல் தடதடத்தது,
பிடித்து விட்டு, பிடித்து விட்டு.
காடி நின்றது.

நூற்று எண்பதையும் எண்ணி நீட்டினேன்.
பச்சை டையையும் காட்டினேன், வேறு வழியில்லை.
பணத்தை வாங்கிக்கொண்டார்.
வயருக்கு மூன்று வெள்ளி கொடுத்தார், சில்லறையாக.
பிறகு மைலோ டின்னில் கையை விட்டு
பழைய சென்சாரை எடுத்தார்.
"இது நல்லாத்தானே இருக்கு?"
டிஷ்யூவில் சுற்றி டேஷ்போர்டில் வைத்தார்.

பத்தே முக்கால்.
இடப்பக்க சிக்னல் மினுங்க அவர்கள் போனதை
வாசலில் நின்று பார்த்தேன்.
முனையில் பிரேக் விளக்கு சிவந்தது, அணைந்தது.
மஞ்சளை மட்டும் இங்கிருந்து பார்க்க முடியாது.